சொந்தத் தொழில் எண்ணத்தை எடை போட்டுப் பார்ப்பது எப்படி?

கொங்கு நாட்டில் முப்பது வயதை நெருங்கும் எவரும் ஒரு கேள்வியிலிருந்து தப்ப முடியாது. கல்யாண மண்டபத்தில் பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில்தான் பெரும்பாலும் வரும். “ஏனுங் மாப்ள, இன்னும் வேலைக்குத்தான் போயிட்டிருக்கீங்ளா? சொந்தமா ஒண்ணு பண்ணலாமுங்களே?” கேட்டவர் வெற்றிலை வாங்கிக்கொண்டு போய்விடுவார். கேள்வி மட்டும் நம்மோடு வீட்டுக்கு வரும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அது நம் சொந்த எண்ணம் மாதிரியே உள்ளே உட்கார்ந்திருக்கும்: கோவை கணபதியில் ஒரு சி.என்.சி. மெஷின் (கணினி வழி உலோகம் கடையும் மெஷின்), திருப்பூரில் ஒரு பவர் டேபிள் தையல் யூனிட், பல்லடம் பக்கம் ஒரு கறிக்கோழிப் பண்ணை.

அந்த எண்ணம் எதனால் உண்டானது, அதில் எந்தப் பக்கம் உறுதி, எந்தப் பக்கம் ஓட்டை என்று பணம் போடும் முன்பே பார்த்துக்கொள்ளும் வழி இது. நாற்பது பக்க நோட்டு ஒன்று, மூன்று மாலைப் பொழுதுகள், முகத்துக்காகப் பேசாத ஆள் ஒருவர் போதும்.

எண்ணம் எதனால் ஆகிறது

“எங்க ஆளுகளுக்குத் தொழில் ரத்தத்துலயே ஊறினது” என்று ஊரில் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும். பயன் ஒன்றும் இல்லை. ரத்தம் காரணமென்றால் அது இல்லாதவர் செய்வதற்கு எதுவுமில்லை, இருப்பவர் கற்பதற்கும் எதுவுமில்லை. உளவியலாளர் ஐசெக் அய்சன் 1991-ல் விரிவாக எழுதிய கோட்பாடு இதைவிடக் கைக்கு உதவும். ஒருவர் ஒரு செயலைச் செய்ய எண்ணுவதை மூன்று விஷயங்கள் முடிவு செய்கின்றன என்கிறது அது. அந்தச் செயலின் விளைவுகள் நமக்கு எவ்வளவு வேண்டியவை என்பது ஒன்று. நாம் மதிக்கும் ஆட்கள் அதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பது இரண்டு. அது நம்மால் ஆகும் என்று நாமே எவ்வளவு நம்புகிறோம் என்பது மூன்று. இங்கே அவற்றை ஆசை, சுற்றம், தெம்பு என்று வைத்துக்கொள்வோம்.

ஆல்பர்ட் ஷபீரோவும் லிசா சோகலும் அதற்கு முன்பே, 1982-ல், தொழில் தொடங்குவதைப் பற்றியே எழுதியபோது சொன்ன ஒன்றை நான்காவதாகச் சேர்த்துக்கொள்வோம்: தள்ளு. ஆசையும் தெம்பும் இருந்தும் மனிதர் பழைய பாதையிலேயே போய்க்கொண்டிருப்பார். ஏதாவது ஒன்று பாதையை உடைக்க வேண்டும். வேலை போகலாம், பங்காளிகள் பாகம் பிரிக்கலாம், படிப்பு முடியலாம், கிணறு வற்றலாம். நல்ல தள்ளும் உண்டு. வேலை செய்யும் கம்பெனி முதலாளியே “நீ வெளியே போய் மெஷின் போடு, ஆர்டர் நான் தர்றேன்” என்பது கோவையிலும் திருப்பூரிலும் புதிதல்ல.

இந்த ஊரில் எண்ணம் மலிவாகக் கிடைப்பதன் காரணமும் இதற்குள்ளேயே இருக்கிறது. 1888-ல் கோவையில் ஸ்டேன்ஸ் மில், 1926-ல் பி.எஸ்.ஜி. தொழிற்பயிற்சிக் கூடம், 1930-களில் பைக்காரா மின்சாரம், 1937-ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் செய்த மின்மோட்டார், 1955-ல் வெட் கிரைண்டர். ஒன்றன் நிழலில் ஒன்று முளைத்தது. பம்ப்செட் ரிப்பேர் பார்த்தவர் பம்ப்செட் செய்தார். அவரிடம் வேலை செய்தவர் பக்கத்துச் சந்தில் பட்டறை போட்டார். திருப்பூரில் தையல் மெஷினிலும் கட்டிங் டேபிளிலும் தொடங்கி முதலாளி ஆனவர்கள் பலர். தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைத் தினமும் பார்க்கும் இடத்தில் ‘நம்மாலும் ஆகும்’ என்ற நினைப்பு தானாக ஏறும்.

ஏறிய நினைப்பு சரியானதுதானா என்பது வேறு கேள்வி. அதற்குத்தான் நோட்டு.

முதல் மாலை: ஆசைத் தாள்

‘தொழில் செய்ய விருப்பமா?’ என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். அப்படிக் கேட்காதீர்கள். தொடங்கினால் முதல் இரண்டு ஆண்டில் என்னவெல்லாம் நடக்கும் என்று எட்டு முதல் பத்து வரி எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் இரண்டு எண். அது நடக்க எவ்வளவு வாய்ப்பு: 1 முதல் 7. அது எனக்கு எவ்வளவு வேண்டியது: கழித்தல் 3 முதல் கூட்டல் 3. இரண்டையும் பெருக்குங்கள். அய்சன் முறையின் சாரமே இந்தப் பெருக்கல்தான்.

தப்பு பெரும்பாலும் வரியை எழுதும்போதே நடந்துவிடும். ‘சுதந்திரம்’, ‘மரியாதை’, ‘யார் கீழும் வேலை செய்ய வேண்டாம்’ என்று எழுதி, எல்லாவற்றுக்கும் ஏழு போடுவார்கள். ஜாப் ஒர்க் யூனிட் (அடுத்தவர் ஆர்டரைக் கூலிக்குச் செய்து கொடுக்கும் பட்டறை) போட்டவருக்கு முதல் சில ஆண்டு ஆர்டர் கொடுப்பவர்தான் முதலாளி. ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டு நாளைக் காலை டெலிவரி கேட்பார். ஆகவே கண்ணால் பார்க்கக்கூடிய காரியமாக எழுதுங்கள். ‘ஆள் வராத நாளில் நானே ஓவர்லாக் தையல் மெஷினில் உட்காருவேன்.’ ‘சனிக்கிழமை சம்பளத்துக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி பணம் தேடுவேன்.’ ‘பொங்கலுக்கு மாமனார் ஊருக்குப் போக முடியாது.’ ‘நான் சொன்ன டிசைனில் பீஸ் வெளியே போகும்.’ இந்த வரிகளுக்குக் கூட்டலா கழித்தலா என்று போட்டுப் பார்த்தால்தான் ஆசையின் உண்மை எடை தெரியும்.

கழித்தல் வரிகள் மூன்றுகூட வராத தாளை நம்பாதீர்கள். அந்தத் தொழிலில் பத்து வருடம் இருப்பவரிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்ப எழுதுங்கள்.

இரண்டாம் மாலை: சுற்றத் தாள்

உங்கள் முடிவைத் தொடக்கூடிய ஐந்தாறு பேரை எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு எண்: அவர் இதைப் பற்றி என்ன நினைக்கிறார் (கழித்தல் 3 முதல் கூட்டல் 3), அவர் பேச்சை நீங்கள் எவ்வளவு எடுத்துக்கொள்வீர்கள் (1 முதல் 7). பெருக்கிக் கூட்டுங்கள். சின்ன சி.என்.சி. பட்டறை போட நினைக்கும் 28 வயது ஆபரேட்டர் ஒருவரின் தாள் இப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம்:

அப்பா: −2 × 6 = −12
மனைவி: +1 × 7 = +7
மாமனார்: −3 × 4 = −12
பழைய சூப்பர்வைசர்: +3 × 5 = +15
கூட்டு சேரக் கேட்கும் நண்பர்: +3 × 2 = +6

மொத்தம் +4. கூட்டல்தானே என்று இதோடு விட்டுவிட வேண்டாம். மொத்தத்தைவிட வரிகள்தான் பேசும். நண்பர் வரியைப் பாருங்கள்: ஆளுக்கு உற்சாகம் மூன்று, அவர் பேச்சின் மதிப்பு இரண்டு. பேச்சை நம்பாத ஆளோடு கூட்டுத் தொழில் எதற்கு? அப்பாவின் −2 எதனால்? கேட்டால் பெரும்பாலும் தொழில் மேல் கோபம் இருக்காது. “காட்டுப் பத்திரத்தை பேங்க்ல வெச்சுப் போடுவான்” என்ற பயம் இருக்கும். அப்படியென்றால் மாற்ற வேண்டியது அப்பாவின் மனதை இல்லை, திட்டத்தை. குறு, சிறு தொழில்களுக்குக் குறிப்பிட்ட வரம்பு வரையான கடனுக்கு வங்கி சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. முதல் கட்டத்தை அந்த வரம்புக்குள் வைத்து, பத்திரம் பீரோவிலேயே இருக்கும் என்று சொல்லிவிட்டால் −2 பூச்சியத்துக்கு வந்துவிடும்.

பெண்களுக்கு இந்தத் தாள் தலைகீழாக இருக்கும். ஆண்பிள்ளைக்கு ‘ஏன் தொடங்கவில்லை’ என்று கேட்கும் அதே மண்டபம், பெண்ணிடம் ‘இதெல்லாம் உனக்கெதுக்கு அம்முணி’ என்று கேட்கும். கையில் தொழில் இருக்கும், ஊக்கம் இருக்கும். சுற்றத்தாளில் மட்டும் வரிசையாகக் கழித்தல். இந்த நிலையில் மொத்தத்தைக் கூட்டலாக்கப் பாடுபடுவது வீண். பெருக்கும் எண் பெரிதாக உள்ள ஒரே ஒரு வரியை, பெரும்பாலும் கணவர் அல்லது மாமியார், எடுத்துக்கொண்டு அந்த ஒரு வரியை மட்டும் மாற்றப் பாருங்கள். தலித் குடும்பங்களில் தொடங்குபவருக்குச் சுற்றத்தைவிட ஊர்தான் முட்டுக்கட்டை: ஷெட் வாடகைக்குக் கிடைப்பதும், நூல் கடனுக்குக் கிடைப்பதும் சாதிச் சங்கிலி வழியாகவே ஓடும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. இந்த விஷயத்தில் எண்ணத்தை மட்டும் தேற்றுவது நியாயமில்லை. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 சதவீதம், அதிகபட்சம் 1.5 கோடி ரூபாய் மானியம் தருகிறது. மாநில அரசின் சிட்கோ தொழிற்பேட்டை இடத்தையும் இதோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

சுற்றம் வேலை செய்யும் விதத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. 2009-ல் பிரான்சிஸ்கோ லிந்யானும் யி-வென் சென்னும் ஸ்பெயினிலும் தைவானிலும் தொழில் எண்ணத்தை அளந்தபோது, சுற்றத்தின் பேச்சு எண்ணத்தை நேராகத் தொடுவதைவிட ஆசையையும் தெம்பையும் ஏற்றி இறக்கித்தான் வேலை செய்கிறது என்று கண்டார்கள். ஊர் நம்மைத் தள்ளுவது நமக்குத் தெரியாமல் போவது இதனால்தான். ‘எல்லாரும் சொன்னாங்க, போட்டேன்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘எனக்கே நல்லாத் தெரிஞ்சுது’ என்றுதான் சொல்வார்கள்.

ஈமு கோழியை மறந்திருக்க மாட்டீர்கள். பெருந்துறைப் பக்கம் ஆரம்பித்து ஊர் ஊராகப் பரவி, 2012-ல் எல்லாம் சரிந்தபோது ஆயிரக்கணக்கானவர்கள் பணத்தை விட்டார்கள். அதைத் தொழில் என்று சொல்லியே விற்றார்கள். உள்ளே இருந்தது ‘ஷெட் போடு, குஞ்சு வளர்த்துக் கொடு, மாதம் இவ்வளவு நிச்சயம்’ என்ற டெபாசிட் கணக்கு. கறியை யார் வாங்குகிறார்கள் என்று கேட்க ஆளில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு மாதாமாதம் பணம் வந்தது ஒன்றே எல்லோருக்கும் தெம்பாக மாறிவிட்டது. உங்கள் நோட்டில் தெம்புத் தாளின் ஆதாரமெல்லாம் ‘இன்னார் செய்கிறார்’ என்றே இருந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் மாலை: தெம்புத் தாள்

நேரம் அதிகம் பிடிப்பது இதுதான். ‘என்னால் முடியும்’ என்பதை ஐந்தாக உடையுங்கள்: வேலை செய்யத் தெரிவது, விலை சொல்லத் தெரிவது, ஆள் பிடித்து நிறுத்துவது, பணத்தைச் சுழற்றுவது, பாக்கி வசூல் செய்வது. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7. ஒரே ஒரு நிபந்தனை: கடந்த பன்னிரண்டு மாதத்தில் அந்தக் காரியத்தை நீங்களே செய்ததற்கு ஒரு ஆதார வரி எழுத முடியாவிட்டால் மூன்றுக்கு மேல் போடக் கூடாது.

இந்த நிபந்தனையோடு போட்டால் நல்ல ஆபரேட்டர்களின் தாள் 7, 2, 3, 2, 1 என்று வந்து நிற்கும். வேலையில் புலி, விலை சொல்லத் தெரியாது. இதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். கணக்குக்காக, ஒரு சி.என்.சி. மெஷினுக்கு மாதம் தவணை 35,000, ஆபரேட்டர் சம்பளம் 22,000, வாடகை 8,000, கரண்டு 9,000, இன்சர்ட் (வெட்டு முனை), கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) வகையறா 6,000 என்று வையுங்கள். மொத்தம் 80,000 ரூபாய். புதிதாக வருபவர் 25 நாள், 8 மணி நேரம், ஆக 200 மணி நேரம் என்று வகுத்து, மணிக்கு 400 ரூபாய் என்று கொட்டேஷன் கொடுப்பார். மெஷின் 200 மணி நேரமும் ஓடாது. செட்டிங் நேரம், மெட்டீரியல் வராத நேரம், முதல் பீஸ் அப்ரூவலுக்குக் காத்திருக்கும் நேரம் எல்லாம் போக 140 மணி நேரம் ஓடினால் அடக்கமே மணிக்கு 571 ரூபாய். நானூறுக்கு ஒப்புக்கொண்ட ஒவ்வொரு மணிக்கும் 171 ரூபாய் கையிலிருந்து போகும். லாபம் இன்னும் கணக்கிலேயே வரவில்லை. மூன்றாம் மாதம் அவர் ‘ஆர்டர் பத்தல’ என்பார். ஆர்டர் நிறைய இருக்கும், விலைதான் பத்தவில்லை.

திருப்பூர் பக்கம் விலையைவிடச் சுழற்சிதான் ஆளைக் கவிழ்க்கும். சம்பளம் வாரச் சம்பளம், சனிக்கிழமை கொடுத்தே ஆக வேண்டும். தைத்துக் கொடுத்த பில் எப்போது வரும்? பத்து டெய்லர், நாளுக்கு 700 ரூபாய், ஆறு நாள் என்றால் வாரம் 42,000. வாடகை, கரண்டு, நூல், ஊசி எல்லாம் சேர்த்து வாரம் 10,000 என்று வைத்தால் 52,000. பில் பணம் எட்டு வாரம் கழித்து வந்தால் அதற்குள் 4,16,000 ரூபாய் வெளியே போயிருக்கும். மெஷின் விலை இதில் சேராது. சிங்கர், ஓவர்லாக், பேட்லாக் என்று தையல் மெஷின் எல்லாம் கடனில் வாங்கி இறக்கிவிட்டு, இந்த நாலேகால் லட்சத்தை யோசிக்காதவர் ஐந்தாவது சனிக்கிழமை தாலிக்கொடியை அடகுக் கடைக்கு எடுத்துப் போவார். உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) உள்ள குறு, சிறு நிறுவனத்துக்கு வாங்குபவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. புதியவர் அதை எடுத்துக் காட்டினால் அடுத்த ஆர்டர் வராது என்பதும் ஊருக்குத் தெரிந்ததே. ஆகவே 45 என்று சட்டம் சொன்னாலும் 60 என்று எழுதுங்கள்.

இனி, குறைந்த எண்ணை எப்படி ஏற்றுவது? உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-ல் தன்னம்பிக்கை நான்கு வழியில் வரும் என்றார்: தானே செய்து ஜெயிப்பது, தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது, நம்பிக்கையானவர் சொல்லக் கேட்பது, உடலும் மனமும் இருக்கும் நிலை. முதலாவதுதான் மற்ற மூன்றையும்விட உறுதியானது. ஊக்கப் பேச்சாளரின் கூட்டம் மூன்றாவது வகை. தெம்பு இரண்டு நாள் தங்கும்.

மெஷின் வாங்காமலே முதலாவதைச் செய்ய கோவையில் வழி உண்டு. சின்ன ஆர்டர் ஒன்றைப் பிடித்து, மெஷின் சும்மா நிற்கும் பட்டறையில் மணி வாடகைக்கோ பீஸ் ரேட்டுக்கோ ஓட்டி, இன்ஸ்பெக்ஷன் முடித்து டெலிவரி கொடுத்து, பணம் வசூல் செய்யுங்கள். மூன்று ஆர்டர் போதும். லாபம் பூச்சியமாக இருந்தாலும் பரவாயில்லை. விலை சொல்லவும் பாக்கி கேட்கவும் கற்றுக்கொள்ளும் கல்விக் கட்டணம் அது. ஜவுளி என்றால் இருபது துண்டோ ஐம்பது நைட்டியோ தைத்து வாங்கி, ஈரோடு ஜவுளிச் சந்தை கூடும் செவ்வாய்க்கிழமை கொண்டுபோய் நின்று பாருங்கள்; கேட்கும் விலையும் கொடுக்கும் விலையும் அரை நாளில் புரியும். இப்போது வேலை செய்யும் கம்பெனியின் கஸ்டமரிடம் மட்டும் போகாதீர்கள். நம் ஊர் சந்தில் அந்தச் செய்தி உங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருக்கும்.

வளையம் எறிந்து பாருங்கள்

உளவியலாளர் டேவிட் மெக்லெலண்ட் 1960-களில் ஆந்திரத்தின் காக்கிநாடாவில் சிறுதொழில்காரர்களுக்குச் சாதனை ஊக்கப் பயிற்சி நடத்தியவர். அவர் வழியில் வந்த வளைய எறி விளையாட்டு இன்றும் தொழில்முனைவோர் பயிற்சிகளில் நடக்கிறது. வீட்டிலேயே செய்யலாம். தரையில் ஒரு பாட்டிலை நிறுத்தி, ஒன்று முதல் பத்து அடி வரை சாக்பீஸில் கோடு போடுங்கள். ஐந்து வளையம், எங்கிருந்து வேண்டுமானாலும் எறியலாம். ஓரடியில் நின்று எல்லாவற்றையும் போடுபவர் உண்டு. பத்தடியில் நின்று விழுந்தால் அதிர்ஷ்டம் என்பவரும் உண்டு. சாதிக்கும் ஊக்கம் உள்ளவர் நடுவில் நிற்பார், முதல் வளையம் தவறினால் அரை அடி முன்னே வருவார்.

கவனிக்க வேண்டியது மதிப்பெண்ணை இல்லை, அந்த அரை அடியை. தவறிய பிறகும் இருந்த இடத்திலேயே நின்று ஐந்தையும் வீசுபவர் 571 ரூபாய் அடக்கத்தை நானூறுக்குக் கொடுத்துக்கொண்டே இருப்பார்.

தள்ளு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது

தாளின் பின்பக்கம் ஒரு வரி எழுதுங்கள்: ‘இதை இப்போது ஏன் யோசிக்கிறேன்?’ பாகப்பிரிவினை, இன்கிரிமென்ட் கிடைக்காதது, சூப்பர்வைசரோடு சண்டை, குழந்தை பிறந்தது, எதுவானாலும் தேதியோடு. கோபத்தில் பிறந்த எண்ணம் பொய் என்று சொல்ல முடியாது. நல்ல பட்டறைகள் சில அப்படித்தான் பிறந்தன. ஆனால் அதன் சூட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு தீபாவளி போனஸ் தாண்டட்டும். போனஸ் வாங்கிய பிறகும் எண்ணம் அதே அளவில் நின்றால் அது கோபத்தால் வந்தது அல்ல.

நம் ஆட்கள் ஆடியில் எதையும் தொடங்க மாட்டார்கள். நல்லதாகப் போயிற்று, அந்த மாதத்தைக் காகித வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணத்திலிருந்து காரியத்துக்கு

185 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2001-ல் வந்த தொகுப்பாய்வு ஒன்றின்படி, ஆளுக்கு ஆள் எண்ணம் வேறுபடுவதில் சுமார் 39 சதவீதத்தை ஆசை, சுற்றம், தெம்பு மூன்றும் விளக்குகின்றன; ஆனால் செயலில் வேறுபடுவதில் 27 சதவீதத்தைத்தான். தொழிலுக்கு மட்டுமல்ல, மனிதர் எண்ணிச் செய்யும் பலவகைக் காரியங்களுக்கும் வந்த கணக்கு இது. எண்ணம் பழுதில்லாமல் இருந்தும் காரியம் நடக்காமல் போவது சகஜம்.

இதற்கு உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் சொன்ன வழி எளிது: ‘செய்வேன்’ என்று எழுதாமல், ‘இது நடந்தால் அப்போது இதைச் செய்வேன்’ என்று எழுதுவது. நேரம், இடம், கை வைக்கும் காரியம் மூன்றும் இருக்க வேண்டும். ‘சீக்கிரம் மெஷின் விலை விசாரிக்கணும்’ என்பது எண்ணம். ‘வியாழக்கிழமை முதல் ஷிப்ட் முடிந்து கேட்டை விட்டு வெளியே வந்தால், வீட்டுக்குப் போகாமல் நேராகப் பழைய மெஷின் கடைக்குப் போய் இரண்டு மாடலுக்கு எழுத்தில் விலை வாங்குவேன்’ என்பது காரியம். தடங்கலுக்கும் இப்படி எழுதலாம்: ‘மேனேஜர் அடுத்த வாரம் வாங்க என்றால், அங்கேயே கிழமையும் மணியும் கேட்டு அவர் முன்னாலேயே எழுதிக்கொள்வேன்.’ இப்படி ஏழெட்டு வரி, தொண்ணூறு நாளுக்கு. அதற்கு மேல் எழுதினால் நோட்டு நிறையும், வேலை நடக்காது.

காகித வேலையில் வரிசை முக்கியம். மானியத் திட்டங்களுக்கு விண்ணப்பிக்கும் முன்பே மெஷின் வாங்கி ஓட்டத் தொடங்கிவிட்டால் அது ‘ஏற்கெனவே உள்ள யூனிட்’ ஆகிவிடும், பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் (பி.எம்.இ.ஜி.பி.) முதல் கடன் புதிய யூனிட்டுக்கு மட்டும்தான். அவசரப்பட்டு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய் கையைப் பிசைபவர்கள் நிறைய. இந்தத் திட்டத்தில் உற்பத்திக்கு 50 லட்சம், சேவைக்கு 20 லட்சம் வரை திட்ட மதிப்பு. பொதுப் பிரிவினருக்கு நகரத்தில் 15, கிராமத்தில் 25 சதவீதம் மானியம். பெண்கள், பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், சிறுபான்மையினர் போன்ற சிறப்புப் பிரிவினருக்கு நகரத்தில் 25, கிராமத்தில் 35. சொந்தப் பங்கு சிறப்புப் பிரிவினருக்கு 5 சதவீதம், மற்றவர்களுக்கு 10. மானியம் கையில் வராது. மூன்று ஆண்டு வங்கியில் வைப்பாக நின்று பிறகு கடனில் கழியும். எனவே தவணைக் கணக்கு போடும்போது மானியம் வந்தது மாதிரி போடாதீர்கள். மாநில அரசின் நீட்ஸ் திட்டம் 10 லட்சம் முதல் 5 கோடி வரை உள்ள திட்டங்களுக்கு 25 சதவீதம் மானியம், 75 லட்சத்துக்கு மிகாமல். வரம்புகள் அவ்வப்போது மாறும். விண்ணப்பிக்கும் வாரத்தில் தொழில் மையத்தில் ஒரு தடவை கேட்டுக்கொள்ளவும்.

உத்யம் பதிவு இலவசம், ஆதாரும் பானும் போதும்; அதற்கு ஆயிரம் இரண்டாயிரம் கேட்கும் இடைத்தரகர் வேண்டாம். ஜாப் ஒர்க் சேவையில் வருவதால் ஜி.எஸ்.டி. பதிவுக்கு வரம்பு ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய் வரவு. பொருள் விற்பனைக்கு மட்டும் என்றால் 40 லட்சம். வரம்புக்குக் கீழே இருந்தாலும் சில பெரிய கம்பெனிகள் ஜி.எஸ்.டி. எண் இல்லாமல் ஆர்டர் தராது. கஸ்டமரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். சாயம், பிளீச்சிங் மாதிரி தண்ணீர் வெளியேறும் தொழில் என்றால் முதல் படியே மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதிதான். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் ஒட்டுமொத்தமாக மூடப்பட்டதைப் பார்த்த ஊர் இது.

எவ்வளவு வரை போகலாம்

ஆய்வாளர் சரஸ் சரஸ்வதி 27 அனுபவசாலித் தொழில்முனைவோர் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று ஆராய்ந்து 2001-ல் எழுதியதில் ஒன்று நமக்கு உடனே உதவும்: அவர்கள் ‘எவ்வளவு வரும்’ என்பதற்கு முன் ‘எவ்வளவு போனால் தாங்குவோம்’ என்று கணக்குப் போட்டார்கள். சேமிப்பிலிருந்து எட்டு மாத வீட்டுச் செலவைத் தள்ளுங்கள். குழந்தைகளின் அடுத்த வருடப் பள்ளிக் கட்டணத்தைத் தள்ளுங்கள். நகை, வீடு, காட்டுப் பத்திரம் மூன்றையும் கணக்கில் சேர்க்காதீர்கள். ஏலச்சீட்டைத் தள்ளி எடுக்கும் எண்ணம் இருந்தால், தள்ளுபடி போகக் கையில் வரும் தொகையை மட்டும் எழுதுங்கள். மீதிச் சீட்டுத் தவணையை மாதச் செலவில் போடுங்கள். மிஞ்சுவதுதான் எல்லை. அதைத் தாளின் மேலே பெரிய எழுத்தில் எழுதி, முகத்துக்காகப் பேசாத அந்த ஆளிடம் கையெழுத்து வாங்குங்கள். அந்த எண்ணைத் தாண்டும் நாளில் ‘இன்னும் ஒரே ஒரு ஆர்டர் வந்தா சரியாயிரும்’ என்று உங்களுக்கு நிச்சயமாகத் தோன்றும்; அப்போது நோட்டை எடுத்துக் காட்ட அவர் வேண்டும்.

தொண்ணூறாம் நாள் மூன்று தாளையும் பழையதைப் பார்க்காமல் புதிதாக எழுதிவிட்டு, பிறகு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஆசை கொஞ்சம் இறங்கியிருக்கும். தெம்பும் இறங்கியிருக்கலாம், பதற வேண்டாம், ஆதார வரிகளை எண்ணுங்கள். முதல் தடவை எண் 6, ஆதாரம் ஒன்றுமில்லை. இப்போது எண் 4, ஆதாரம் மூன்று என்றால் அந்த நாலுக்குத்தான் மதிப்பு அதிகம். விலை சொல்லி ஏமாந்த பிறகு போட்ட எண் அது. எண் இறங்கி ஆதாரமும் ஏறாமல் நின்றால் வேலையை விடாமல் இன்னொரு தொண்ணூறு நாள் அதே சின்ன ஆர்டர்களை ஓட்டுங்கள். இரண்டும் ஏறியிருந்தால் அடுத்த பக்கத்தில் ஷெட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் தேதியை எழுதலாம், மானிய விண்ணப்ப எண்ணை அதற்கு முந்தைய வரியில் எழுதிய பிறகு.